வாசல் கல்லில் நான்கு எழுத்து

நவம்பர் 1, செவ்வாய்

பிட்லூரக் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். அபர்டீனிலிருந்து இரண்டு பஸ், அதற்குப் பிறகு ஒன்றரை மைல் நடை. நடை முழுக்க மழை முகத்திலேயே அடித்தது. பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளை கொடுத்த தாளில், ‘நவம்பர் 28 வரை அளவெடுப்பு, வரைபடம், அறிக்கை, தங்குமிடம் பண்ணை வீட்டிலேயே’ என்று இருந்தது. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்காரம்மாள் பெயர் எல்ஸ்பெத். வயது எண்பத்தொன்று. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“இந்த செருப்ப மாட்டிக்கிட்டால அவ்ளோ தூரம் நடந்து வந்த? உள்ள வா, உள்ள வா. தரைய நனைக்காத.”

அவர் பேசியது அந்தப் பக்கத்து இங்கிலீஷ். ஸ்காட்லாந்து வந்து ஐந்து மாதம் ஆகியும் அது எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் அந்த இழுப்பும் அதட்டலும் என் காதில் எங்கள் ஊர் நாசரேத் தமிழாகத்தான் விழுகின்றன. அதனால் இந்த நோட்டில் அப்படியே எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. என்ன ஊர் இது.

நவம்பர் 2, புதன்

அளவெடுப்பு தொடக்கம். நடுவில் சதுர முற்றம், மூன்று பக்கமும் தொழுவமும் களஞ்சியமும், நான்காவது பக்கம் இரண்டு மாடி வீடு. சுவர் எல்லாம் கருங்கல். பெரிய கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் சில்லுக் கற்களை வரிசையாகச் செருகியிருக்கிறார்கள். சுவர்க் கனம் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். பக்கச் சுவரில் பழைய கூரையின் சாய்வுத் தடம் தெரிகிறது: இப்போது ஸ்லேட் பலகை இருக்கும் இடத்தில் முதலில் ஓலைபோல் ஏதோ வேய்ந்திருக்கிறார்கள்.

களஞ்சியத்தில் எதிரெதிராக இரண்டு கதவு. ஒன்றில் நுழையும் காற்று மற்றதில் வெளியே போகும். நடுவில் நின்று தானியம் தூற்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வட்டமாக ஒரு கட்டடம். குதிரைகள் அதற்குள் சுற்றிச் சுற்றி நடந்து கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டினவாம். செக்குமாட்டு உத்தியோகம்தான், மேலே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியானம் எல்ஸ்பெத் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, முற்றத்தில் குதிரை ஏறுவதற்காகப் போட்ட கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாய்க்கா என்று கேட்டேன்.

“வாட்டிக்கு” என்றார். “என் தம்பி.”

நவம்பர் 3, வியாழன்

லாயத்தின் மாடியில் ஓர் அறை. சேம்பர் என்பதை இங்கே ‘சாமர்’ என்கிறார்கள். கல்யாணமாகாத பண்ணையாட்கள் படுத்த இடம். கீழே நிற்கும் குதிரைகளின் உடல் சூடு பலகைத் தரை வழியாக மேலே வருமாம். இப்போது கீழே குதிரை இல்லை. மேலே வாட்டி இருக்கிறார். எழுபத்தெட்டு வயது.

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் அவர் பேசியது இவ்வளவுதான்: “பலகை ஆடும், பாத்து.”

முற்றத்தின் குறுக்கே இருபத்தொரு மீட்டர். அளந்தேன். எண்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம், எல்ஸ்பெத் பால் காய்ச்சிக்கொண்டே சொன்னார். முப்பத்துநாலு வருஷம். தட்டு போகும், கழுவிய தட்டு வரும். அந்தக் கல்லுக்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 6, ஞாயிறு

ஊரிலிருந்து எப்சிக்கா போன். இங்கே சிக்னல் சரியில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து மொய்ரா கூப்பிட்டார். அடுப்படியில் நின்று பேசினேன், தெளிவாகக் கேட்டது.

விஷயம் இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. இந்தப் பண்ணை குத்தகை நிலம். நவம்பர் 28 இங்கே தவணை நாள். குத்தகையும் வேலையாட்களின் ஒப்பந்தமும் முடிவதும் மாறுவதும் காலங்காலமாக அன்றுதான். அதற்குள் அக்காவும் தம்பியும் ஒரே மேசையில், ஒரே சாட்சி முன்னால், ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அறக்கட்டளை குத்தகையை ஏற்றுக்கொள்ளும். கூரையைச் சரிசெய்யும். இரண்டு பேரும் கடைசிவரை இங்கேயே இருக்கலாம். போடாவிட்டால் நிலக்காரர் தொழுவம், வட்டக் கட்டடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு சுற்றுலாக் குடில் கட்டுவார். இவர்களுக்கு வேறு வேறு ஊரில் இரண்டு சின்ன வீடு.

“எல்ஸ்பெத் தயார். வாட்டிதான் அக்கா பெயர் இருக்கிற தாளைத் தொட மாட்டேன் என்கிறார். நீங்கள் அங்கேயேதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் பேசிப் பாருங்களேன்” என்றார் மொய்ரா.

நான் கட்டட அளவுக்காரன். குடும்ப அளவெடுக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்ல நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10, வியாழன்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. வீட்டு முன்வாசலின் மேல்கல்லில் பாசி மண்டியிருந்தது. ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியும் தூரிகையுமாக மெதுவாகத் துடைத்தேன். இடது பக்கம் ஜே, எம். வலது பக்கம் ஜே, ஆர். நடுவில் 1791. எண்ணுக்கு மேலே அரித்துப்போன ஓர் இலை. நம் ஊர் வெற்றிலை மாதிரியே இருக்கிறது, காம்பு மட்டும் உதிர்ந்துவிட்டது. இங்கே வெற்றிலைக்கு வழியில்லை, ஏதாவது கொடியின் இலையாக இருக்கும். வரைந்து, ‘இலை வடிவ அலங்காரம்’ என்று எழுதினேன்.

எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே ஏணியில் கால் மணி நேரம் நின்றேன். இரண்டுக்கும் முதலெழுத்து ஜே. இனிஷியல் ஒன்று என்றால் அப்பா ஒருவர். நான் ஜெ. ஞானசிகாமணி, எப்சிக்கா ஜெ. எப்சிபா, அப்பா ஜெபமணி. அப்படியென்றால் இந்த வீட்டைக் கட்டியவர்கள் கூடப்பிறந்தவர்கள்! உடன்பிறப்புகள் சேர்ந்து கட்டிய பண்ணை வீடு இந்த மாவட்டத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எனக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம்.

நவம்பர் 11, வெள்ளி

காலைக் கஞ்சியின்போது எல்ஸ்பெத்திடம் சொன்னேன். இனிஷியல் கணக்கையும் விளக்கினேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் என்னையே பார்த்தார்.

“கூடப்பொறந்தவங்களா?”

“ஆமாம். உங்களையும் வாட்டியையும் போல.”

எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். கோபமா என்று பயந்தேன். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் எப்படி வரும் என்று தெரியவில்லை.

“இத அவன்ட்டயும் சொல்லு. இப்ப சொன்ன மாதிரியே, எலையோட சேத்து சொல்லு.”

நவம்பர் 13, ஞாயிறு

எப்சிக்கா இரண்டு தடவை. குளித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, திங்கள்

வாட்டியிடம் சொன்னேன். மாட்டுத்தொழுவத்தில் சாணி வாய்க்காலின் சரிவை அளந்துகொண்டிருந்தோம். எழுத்து வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். இலையைக் காட்ட வரைபடத்தை விரித்தேன்.

“என்னது இது?”

“இலை.”

“எலையா?”

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலில் மார்வலி என்றே நினைத்தேன். சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு, பிறகு சத்தமாக, பிறகு இருமலோடு. நடுவில் நிறுத்திக் கேட்டார்: “உனக்கு அக்கா இருக்காளா? அதே எழுத்தா?”

“ஆமாம். அதே எழுத்து.”

“சொகமா இருக்காளா?”

“இருப்பாள்.”

“இருப்பாளா?” என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபடி தொழுவத்துக்கு வெளியே போனார். முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது முதுகிலேயே தெரிந்தது. நாயிடம் சொல்ல முடியாது, என்னிடம் சொல்ல முடியாது. இருபத்தொரு மீட்டர் நேராக நடந்து, அடுப்படி ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார்.

“எல்சி! அது எலைங்கான்!”

உள்ளேயிருந்து பதில் வந்தது: “தெரியும்! எங்கிட்ட வெள்ளிக்கெழமையே சொல்லிட்டான்!”

இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. என்ன செய்துவிட்டோம் என்பது போல ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாட்டி குனிந்துகொண்டு சாமருக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 15, செவ்வாய்

தட்டு கல்லுக்குப் போயிற்று. கழுவிய தட்டு வந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. நேற்று நடந்ததைக் கனவு கண்டேனோ என்று இருக்கிறது.

நாளெல்லாம் வட்டக் கட்டடத்தில் தனியாக வேலை. பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் கொஞ்சம் வந்தது, இரண்டு மணிக்குப் போய்விட்டது. அளவைச் சத்தமாகச் சொல்லி நானே எழுதிக்கொள்கிறேன். தமிழில் சொல்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். ஐந்து மாதத்தில் என் தமிழைக் கேட்டவை இந்தச் சுவர்கள்தான். அழுகை வரும்போல இருந்தது. குளிர்தான் காரணம் என்று எழுதலாம், ஆனால் அது குளிர் இல்லை.

நவம்பர் 17, வியாழன்

நான் அனுப்பிய அறிக்கை வரைவுக்கு மொய்ராவின் மின்னஞ்சல். மிக மரியாதையாக எழுதியிருக்கிறார், அதனால் இன்னும் வலிக்கிறது.

அது கல்யாணக் கல். புதிதாகக் கல்யாணமானவர்கள் வீடு கட்டும்போது புருஷன் பெயரின் முதலெழுத்துகளையும் மனைவியின் முதலெழுத்துகளையும் வாசல்மேல் வெட்டுவது இந்த நாட்டு வழக்கம். இங்கே முதலில் வருவது சொந்தப் பெயர், பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர். ஜேம்ஸ் ஏதோ ஒரு எம், ஜீன் ஏதோ ஒரு ஆர். கல்யாணத்துக்குப் பிறகும் கல்லில் பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டு எழுத்துதான். ‘நடுவில் இருப்பது இலை அல்ல, இதயம். மாவட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. அறிக்கையைத் திருத்திவிடுங்கள்.’

ஜூன் மாதப் பயிற்சியில் இதற்கென்று ஒரு ஸ்லைடு காட்டினார்கள். அன்று நான் பின்வரிசையில் தூங்கினேன். இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை இந்த ஊர்க்காரர்களிடமே போய் விளக்கியிருக்கிறேன். மானம் போயிற்று.

நவம்பர் 18, வெள்ளி

எல்ஸ்பெத்திடம் கேட்டேன். “தெரிந்தும் ஏன் என்னைத் திருத்தவில்லை?”

உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார். எண்பத்தெட்டில் வாட்டிக்கு ஒரு பெண் நிச்சயமாகும்போல இருந்ததாம். ரோனா என்று பெயர், பால்பண்ணையில் வேலை. நாத்தனார் இருக்கிற வீட்டுக்கு வர மாட்டேன் என்றாளாம். வாட்டி அக்காவை வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார்.

“‘அந்தக் கல்ல பாரு. இது புருசன் பொண்டாட்டிக்கு கட்டுன வீடு. இதுல அக்காவுக்கு எடமில்ல’ன்னான். நான் எங்கல போவேன்? பொறந்தது இந்த வீட்டுல. அப்பா சாகும்போது ரெண்டு பேரு பேரையும்தான குத்தகையில எழுதுனாரு? போகமாட்டேன்னுட்டேன். அவ கனடா போயிட்டா. இவன் குதிர மாடிக்கு போயிட்டான்.”

“அதற்கும் நான் தப்பாகப் படித்ததற்கும்…”

“முப்பத்துநாலு வருசமா அந்த கல்லுக்கு கீழ போகும்போதும் வரும்போதும் தல குனிஞ்சுதான் போறேன். நீ வந்து ஏணியில ஏறி, இது அக்கா தம்பி வீடுன்னு சொன்ன. பொய்தான். இருந்துட்டு போகட்டும்னு இருந்தேன். ஒரு வாரமாவது.”

வரைபடத்தில் இலையை அழித்து இதயம் வரைந்தேன். வரைவது சுலபமாக இருந்தது, அழிப்பது கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 20, ஞாயிறு

போன் அடித்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 22, செவ்வாய்

இன்னும் ஆறு நாள். சாமருக்கு ஏறிப்போய் வாட்டியிடம் நேராகவே கேட்டேன். ஒரு கையெழுத்துத்தானே, ஐந்து நிமிஷ வேலை, இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் கிடந்து சாக வேண்டிவரும் என்றேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “அந்த மேசையில போயி எப்படி உக்காரது? மொதல்ல என்ன சொல்ல? நீயே சொல்லு” என்றார்.

கையிலிருந்த டேப்பை இழுத்து இழுத்துச் சுருட்டினேன்.

“உன் அக்கா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் அடிக்கான்னு எல்சி சொன்னா.”

தூக்கிவாரிப்போட்டது. “எப்போது சொன்னார்? நீங்கள்தான் பேசுவதில்லையே?”

“தட்டுக்கு அடியில துண்டுத்தாள் வச்சிருந்தா. மொத மொதலா. ‘இவனும் நம்மள மாதிரிதான்’னு எழுதியிருந்தா.” பல் இல்லாத பக்கமாகச் சிரித்தார். “நான் வாரேன். மேசையில உக்காருதேன். ஆனா மொதல்ல நீ எனக்கு முன்னால வச்சு உன் அக்காட்ட பேசணும். எப்படி பேசுறதுன்னு பாத்துக்கிடுதேன்.”

இது என்ன நிபந்தனை? எனக்கும் இந்தப் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்? ஊரில் என் வீட்டு விஷயம் வேறு. அது நூற்றுப்பத்து வருஷத்து வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. அதை இடிக்கக் கூடாது என்றுதான் எப்சிக்காவிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லையா?

நவம்பர் 24, வியாழன்

பனி. வேலை இல்லை.

நவம்பர் 27, ஞாயிறு

இன்று போன் அடிக்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து மேசைமேலேயே வைத்திருந்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.

நவம்பர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு மொய்ரா தாளோடு வந்தார். எல்ஸ்பெத் நல்ல உடுப்பு உடுத்தி மேசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வாட்டி வாசலில் பூட்ஸைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே வந்தவர் மேசைக்கு வரவில்லை. கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். “எல்லாருக்கும் கேக்கணும்” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். ஆறு தடவை மணியடித்தது.

“சொல்லு.”

“எப்சிக்கா, நான்தான்.”

“பேரு வருதுல்லா போன்ல. சொல்லு.”

என்ன சொல்வது என்று தெரியாமல் கல்லைப் பற்றிச் சொன்னேன். ஏணி, பாசி, நாலு எழுத்து, வெற்றிலை. வெற்றிலை என்றதும் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் சிரிப்பை அடக்குவது அப்படித்தான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“ஒரே இனிஷியல்னா ஒரே அப்பான்னு எழுதிட்டேங்கா. நீயும் நானும் மாதிரி.”

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ஏல, எனக்கு எங்கல ஜெ. இருக்கு? கல்யாணம் ஆன அன்னைக்கே போச்சு. ஆசீர்வாதம் அத்தான் பேருதான எனக்கு? இருவத்தோரு வருசமா நான் ஆ. எப்சிபா. ரேசன் கார்டுல, ஸ்கூல் ரிஜிஸ்டர்ல, எல்லாத்துலயும் அதான். உனக்கு தெரியாது?”

தெரியும். தெரியும்தான், ஆனால் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“அம்மாவ எடுத்த அன்னைக்கு வீட்டு முத்தத்துல நின்னுகிட்டு என்ன சொன்ன? சொந்தக்காரங்க அவ்ளோ பேரு முன்னால? ‘நீ வேற வீட்டுக்காரி, இந்த வீட்டுல கை வைக்க உனக்கு உரிமையில்ல’ன்ன. இப்ப கல்லுல எழுதுறதுக்கு மட்டும் ஒரே அப்பாவா?”

இதை நான் இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. அம்மா கடைசி வருஷம் படுத்திருந்தது ஒழுகும் கூரைக்குக் கீழே. கட்டிலை நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பார்த்துக்கொண்டது எப்சிக்கா. கூரையைப் பிரித்துக் கட்டலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், பழைய கட்டடத்தின் அருமை உனக்குத் தெரியாது என்று மெட்ராஸிலிருந்து போனில் பாடம் எடுத்தது நான்.

“என்ன சொல்லுதா?” என்றார் வாட்டி.

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தமிழ் தெரியாது. “நீ வேறு வீட்டுக்காரி, இந்த வீட்டில் உனக்கு உரிமையில்லை என்று நான் சொன்னேனாம்” என்றேன்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

வாட்டி தாடையைத் தடவினார். பிறகு, என்னை விட்டுவிட்டு எல்ஸ்பெத்தைப் பார்த்தார். “நானும் அதத்தான சொன்னேன்” என்றார்.

“ஆமா. சொன்ன” என்றார் எல்ஸ்பெத்.

“தப்பு.”

“ஆமா.”

வாட்டி நாற்காலியைக் கல்தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். அக்காவின் பெயருக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மொய்ரா மூச்சை விட்டார். பண்ணை தப்பித்தது.

“என்னல சத்தம் அங்க? யாரு இருக்கா?” போனில் எப்சிக்கா.

“ஒரு தம்பி கையெழுத்து போடுதாரு. அவருக்கும் அவரு அக்காவுக்கும் முப்பத்துநாலு வருசமா பேச்சில்ல.”

அந்தப் பக்கம் காக்கா கத்தியது. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

“முப்பத்துநாலா?”

“ஆமா.”

“நமக்கு ரெண்டுதான ஆச்சு. இன்னும் முப்பத்திரண்டு இருக்குல்லா. அதுக்குள்ள என்னல அவசரம் உனக்கு?”

“மன்னிச்சிரு அக்கா” என்றேன். அவள் போனை வைக்கவில்லை. “கூரைய பிரிச்சிரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்க கையெழுத்து போடணும்னு சொல்லு, போடுதேன்.”

“கூரையா?” என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “அதெல்லாம் ஜூலையிலயே பிரிச்சாச்சு. தளம் போட்டு, பூசி, வெள்ளையடிச்சாச்சு. வீட்டு பிரதிஷ்டைக்கு உன்ன கூப்பிடத்தான் மூணு ஞாயித்துக்கெழமையா போன் அடிச்சேன். நேத்து முடிஞ்சுது. சர்ச் ஐயர் ஜெபம் பண்ணும்போது, கூடப்பொறந்தவங்க யாராவது முன்னால வாங்கன்னு கூப்பிட்டாரு. நான் ஒத்தையில போயி நின்னேன்.”

எல்ஸ்பெத் என் முழங்கையைத் தொட்டார். “என்னவாம்?”

“வீடு கட்டி முடித்துவிட்டார்களாம்” என்றேன்.